முதலெழுத்துக்குள் இருந்தவர்

சமிந்த தன் கைத்தொலைபேசியை மேசை நடுவில் வைத்துச் சத்தத்தைக் கூட்டினார். ரிஸ்னாவும் நானும் கதிரைகளை இழுத்துக்கொண்டு குனிந்தோம். நாங்கள் வேலை செய்கிற கந்தோருக்குக் கீழே பேக்கரி. மீன் வைத்த மாலுபணிஸ் அடுப்பிலிருந்து இறங்குகிற நேரம். அந்த வாசனை ஏறி வந்தால் எனக்கு வேலை ஓடாது. அன்றைக்கும் பாதிக் காதைத்தான் கொடுத்தேன்.

ஒலிப்பதிவில் முதலில் தகரக் கூரையில் விழும் மழை. பிறகு இருமல்கள், ஒன்றன்மேல் ஒன்றாக. பிறகு ஒரு பெண் குரல். எந்த ஊர்க்காரிக்கும் சொந்தமில்லாத, சுத்தமான, ஈரமில்லாத தமிழ்.

“சுப்பையா. அறை இலக்கம் மூன்று.”

யாரும் எழும்புகிற சத்தம் இல்லை. இருமல்கூட நின்றுபோனது.

“வீராசாமி. அறை இலக்கம் மூன்று.”

அதற்கும் ஆள் இல்லை.

“மருதமுட்டு. அறை இலக்கம் மூன்று.”

மருதமுட்டு என் அப்பா. அவர் படத்துக்கு நாங்கள் மாலை போட்டு ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

உலகத்தில் ஒருவர்

மருதமுத்து என்ற பெயரில் மலைநாட்டில் எத்தனையோ பேர் இருப்பார்கள். மருதமுட்டு ஒருவர்தான்.

தாத்தா வாயால் சொன்ன பெயரைப் பதிவு செய்தவர் ஆங்கில எழுத்தில் எழுதினார். அதைப் பார்த்து இன்னொரு கந்தோரில் இன்னொருவர் தமிழுக்குத் திருப்பினார். திருப்பியதில் முத்து முட்டாகிவிட்டது. திருத்துவதென்றால் நாலு கந்தோர் ஏறி இறங்க வேண்டும், அத்தனை நாளும் மலையில் பெயர் விழாது, கூலியும் கிடைக்காது. அதனால் அப்படியே விட்டார்கள். அப்பாவின் அடையாள அட்டையிலும் அதுவே வந்தது. பிறகு என் பிறப்புச் சான்றிதழில், மருதமுட்டு யோகமலர் என்று.

பள்ளிக்கூடத்தில் முழுப்பெயர் கூப்பிட்டால் வகுப்பே மாடுபோலத் தலையை ஆட்டிக் காட்டும். நான் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சண்டை பிடிப்பேன். “பேரு தனியா இருந்தா தொலைய மாட்டேன்ல” என்று அவர் சிரிப்பார்.

தொலைந்துதான் போனார். எனக்குப் பதினொரு வயதில் ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து கொழும்புக்கு வேலைக்குப் போனார். கொஞ்ச நாள் போன் வந்தது, பிறகு அதுவும் நின்றது. ஒரு பெருமழைக்குப் பிறகு, அவர் வெள்ளத்தில் போனதைக் கண்ணால் பார்த்ததாக ஒருவர் வந்து சொன்னார். உடம்பு கிடைக்கவில்லை. அம்மா பல மாதம் நம்பவில்லை. பிறகு ஒரு காலையில் நெற்றியில் பொட்டில்லாமல் வந்து உட்கார்ந்து ரொட்டி சுட்டார். அந்தக் கிழமையே காரியம் முடித்துப் படத்துக்குப் பிளாஸ்டிக் மாலை போட்டோம். அப்போது எனக்குப் பதினாலு.

இத்தனையும் அந்த மேசையைச் சுற்றி இருந்தவர்களுக்குத் தெரியாது. “யோகா, என்ன மொகம் ஒரு மாதிரி?” என்றாள் ரிஸ்னா. மாலுபணிஸ் பசி என்று சொல்லிவிட்டேன்.

சொந்தப் பேர் வேணாம்

புதிதாக வாசிப்பவர்களுக்காக இரண்டு வரி. கண்டியில், கட்டுகஸ்தோட்டைக்குப் போகிற வீதியில், பேக்கரிக்கு மேல் மாடியில் இருந்த ஒரு சின்ன மென்பொருள் கம்பனியில் நான் செயலி எழுதப் பழகிக்கொண்டிருந்தேன். ஆறு மாதப் பயிற்சி. கடைசி மாதம் வேலையைப் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவார்கள், அல்லது கையைக் குலுக்கி அனுப்புவார்கள். ரிஸ்னாவும் பயிலுநர்தான். அக்குறணையிலிருந்து வருவாள், சோற்றுப் பார்சலில் எனக்கும் பங்கு கொண்டுவருவாள்.

எங்கள் வேலையைப் பார்த்துத் திருத்துபவர் சமிந்த. சேர்ந்த முதல் கிழமை அவரைப் பணிவாக ‘ஐயா’ என்றேன். அவர் பூரித்துப் போனார். சிங்களத்தில் அது அண்ணன். நான் முதலாளியைக் கூப்பிட்டேன், அவருக்குத் தங்கச்சி கிடைத்தாள். இன்றுவரை இரண்டு பேரும் திருத்திக்கொள்ளவில்லை.

அவர் எங்களுக்கு அடிக்கடி சொன்ன ஒரே விதி இதுதான்: “சோதிச்சு பாக்கும்போது சொந்த பேர் போட வேணாம். ஆ ஆ ஆ போடுங்க, ஒண்ணு ரெண்டு மூணு போடுங்க. சொந்த பேர் போட்டா அது போறது இல்ல.”

பயிலுநர்கள் எல்லாருமே சொந்தப் பெயரைத்தான் போடுவார்கள். புதுப் பேனா வாங்கினால் முதலில் என்ன எழுதிப் பார்ப்போம்? நானும் போட்டேன்.

அந்தச் செயலி, வத்தேகமைப் பக்கம் இருந்த ஓர் இலவசக் கிளினிக்குக்கானது. வியாழக்கிழமைகளில் இருமல், இழுப்பு என்று வருகிற நெஞ்சு வருத்தக்காரர்களைப் பார்ப்பார்கள். வருகிறவர்கள் காலையில் பிறப்புச் சான்றிதழையோ அடையாள அட்டையையோ காட்டிப் பதிவார்கள். முறை வரும்போது இயந்திரம் பெயரைக் கூப்பிடும்.

வெளிநாட்டில் ஆயத்தமாகச் செய்த செயலி அச்சு ஒன்றை நம்மூருக்குப் பொருத்துவதுதான் எங்கள் வேலை. அந்த அச்சில் முதற்பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம். நம் நாட்டுப் படிவத்தில் இருப்பது வேறு: முதலெழுத்துகளுடன் பெயர், பிறகு முதலெழுத்துகளால் குறிக்கப்படும் பெயர்கள். இலங்கையில் அந்த இரண்டாவது வரியை நிரப்பாமல் ஒருவர் பரீட்சையும் எழுத முடியாது, பாஸ்போட்டும் எடுக்க முடியாது. எதை எந்தக் கட்டத்துக்குள் போடுவது என்று தீர்மானிக்கும் வேலை எனக்கு வந்தது. முதலெழுத்து முதலில்தானே வருகிறது? அதன் விரிவை முதற்பெயர்க் கட்டத்துக்குள் போட்டேன். ஐந்து நிமிட வேலை. தேத்தண்ணி குடிக்கப் போனேன்.

குரலைப் பொருத்தியது பிறகு. எங்கள் ஸ்பீக்கர் உடைந்திருந்ததால் நாங்கள் யாருமே அதைச் சத்தத்தோடு கேட்டுப் பார்க்கவில்லை.

சத்தத்தைக் கூட்டு

அந்த ஒலிப்பதிவை அனுப்பியது கிளினிக்கின் நர்ஸ் மிஸ். யாழ்ப்பாணத்துக்காரர். போனில் அவர் சொன்னது எல்லாருக்கும் கேட்டது.

“இது கூப்பிடுது பிள்ளையள், ஒருத்தரும் எழும்பேல்லை. பேரைக் கேட்டுட்டு ஆளையாள் பாக்கினம். ஒரு அம்மா அழுதவ. எனக்கே ஒரு மாதிரிக் கிடக்கு.”

சமிந்த யோசித்தார். “சத்தம் பத்தாது” என்றார். “கூட்டு.”

கூட்டினோம்.

நான் பதிவுப் பட்டியலைத் திறந்தேன். பயிலுநர்களுக்குப் பெயரும் இலக்கமும் மட்டும்தான் தெரியும். வயது, விலாசம், வருத்தம் எல்லாம் நட்சத்திரப் புள்ளிகளால் மூடியிருக்கும். அங்கே இருந்தது: ம. யோகமலர். முதலெழுத்தால் குறிக்கப்படும் பெயர்: மருதமுட்டு.

என் சோதனைப் பதிவு. கிளினிக்குக்குக் கொடுப்பதற்கு முதல் நாளே அதை அழித்தது எனக்கு நல்ல நினைவு. ஆனால் கண்ணுக்கு முன்னால் இருக்கிறதே? உண்மையான நோயாளிகளுக்கு நடுவில் சோதனைப் பதிவை விட்டுவைத்தவரை எந்தக் கம்பனி நிரந்தரமாக்கும்? ரிஸ்னா கையலம்பப் போன நேரம் பார்த்து அதை அழித்தேன். யாரிடமும் மூச்சுவிடவில்லை.

என் பெயரைக் கூப்பிடாமல் இயந்திரம் ஏன் அப்பாவைக் கூப்பிட்டது என்று அப்போதே யோசித்திருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். பயந்துபோன ஆள் யோசிப்பதில்லை, கையில் அகப்பட்டதை மறைக்கத்தான் பார்க்கிறாள்.

அடுத்த வியாழன் ஹந்தானை மலையே தெரியாத அளவுக்குப் பனி. மத்தியானம் வரை கந்தோரில் லைட் எரிந்தது. கிளினிக்கின் பட்டியல் என் திரையில் ஒவ்வொரு வரியாக விழுந்துகொண்டிருந்தது. பதினோராவது வரி: ம. யோகமலர். மருதமுட்டு.

அழித்ததை நானே பார்த்தேனே? ‘பேரு தனியா இருந்தா தொலைய மாட்டேன்ல’ என்ற குரல் காதுக்குள் வந்துவிட்டது. படித்த பிள்ளை, பேய் பிசாசு நம்பாதவள், பட்டப்பகலில் அதை இரண்டாம் தடவையும் அழித்தேன். பிறகு மாலைவரை திரையைப் பார்க்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் மறைத்தது என் வேலையைக் காப்பாற்ற. அந்த வரிக்குப் பின்னால் உண்மையிலேயே ஓர் ஆள் இருக்கலாம் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மூன்றாம் வியாழன்

மூன்றாவது கிழமை சமிந்த என்னையே அனுப்பினார். “நேர்ல போய் பாருங்க. பெரிய ஸ்பீக்கர் கொண்டு போங்க.”

மடியில் ஸ்பீக்கர் பெட்டியோடு வத்தேகம பஸ்ஸில் போய் இறங்கினேன். நீளமான மண்டபம், தகரக் கூரை, மழை. வாங்குகளில் அறுபது எழுபது பேர் ஈரக் குடைகளைக் காலடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார்கள். அப்படி ஒரு மௌனத்தை நான் எந்த ஆஸ்பத்திரியிலும் பார்த்ததில்லை. எல்லாருடைய கண்ணும் சுவரிலிருந்த ஸ்பீக்கர் மேல். அது வாய் திறக்கும் என்று பயந்தவர்கள்போல இருந்தார்கள்.

பதிவு மேசையின் கணினியைத் திறந்தேன். இருந்தது. மூன்றாம் தடவை, பதினேழாம் இலக்கத்தில். அழிக்கும் கட்டத்தின் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்தேன்.

“சுப்பையா. அறை இலக்கம் மூன்று.”

முன்வரிசையில் ஒரு பெரியவர் மெல்ல எழும்பினார். அறைக்குப் போகவில்லை. ஸ்பீக்கரைப் பார்த்துக் கைகூப்பினார்.

“ஐயா, சுப்பையா நீங்கதானே? உள்ள போங்க” என்றேன்.

“நான் ராஜகோபாலுங்க” என்றார். “சுப்பையா எங்கப்பா. அவரு செத்து முப்பது வருசமாச்சு. மூணு கெழமையா கூப்புடுது. என்னாத்துக்குன்னுதான் தெரியல.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் ஆட்களுக்கு முதலெழுத்து என்றால் அப்பா. அந்த எழுத்தை விரித்தால் அப்பாதான் வெளியே வருவார். அவரை முதற்பெயர்க் கட்டத்துக்குள் போட்டது நான். இயந்திரம் முதற்பெயரைக் கூப்பிடுகிறது. சிங்கள ஆட்களுக்கு அவர்களுடைய சொந்தப் பெயரும் முதலெழுத்துக்குள்ளேயே இருப்பதால் நீட்டி முழக்கினாலும் தன்னைத்தான் என்று எழும்பிவிடுவார்கள். ‘முகம்மது’ என்று கூப்பிட்டபோது நாலு பேர் ஒன்றாக எழும்பி அறைக்குள் போனதை நர்ஸ் மிஸ் பிறகு சொன்னார். எங்கள் ஆட்கள் மட்டும் செத்துப்போன அப்பாக்களின் பெயரைக் கேட்டுக்கொண்டு உறைந்துபோய் இருந்திருக்கிறார்கள். நாங்களோ சத்தத்தைக் கூட்டியிருக்கிறோம்.

அப்படியென்றால் பதினேழாம் இலக்கம்?

கையை இழுத்துக்கொள்வதற்குள் அது கூப்பிட்டுவிட்டது.

“மருதமுட்டு. அறை இலக்கம் மூன்று.”

பின்வரிசையில் வெள்ளைச் சீருடையில் ஒரு சிறுமி எழும்பினாள். ஒன்பது வயது இருக்கும். பக்கத்திலிருந்த பெண் அவள் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். சிறுமி திரும்ப எழும்பினாள்.

“அது எங்கப்பா பேரு” என்றாள். மூச்சு விசிலடித்தது. இழுப்பு.

நான் எப்படி நடந்து அவர்களிடம் போனேன் என்று நினைவில்லை.

“ஒங்க பேரு என்ன தங்கச்சி?”

“யோகமலர்.”

இடது புருவம் நடுவில் முறிந்திருந்தது. எங்கள் வீட்டுப் படத்தில் இருக்கிற அதே முறிவு.

“ரெண்டு கெழமையா வந்துட்டு வந்துட்டு போறோம் மிஸ்” என்றாள் அந்தப் பெண். “காலையில பதியிறாங்க, பெறகு பேரு இல்லேங்கிறாங்க. புள்ளைக்கி ராவெல்லாம் இழுக்குது. மொத கெழம கூப்புட்டப்பயே போயிருக்கணும். தை மாசம் செத்த மனுசன மைக்குல கூப்புட்டா எப்புடிங்க எந்திரிக்கிறது?”

தை மாசம். நாங்கள் மாலை போட்டு ஒன்பது வருடம். இது ஆடி.

“பேரு இல்லாமப் போனது என்னாலதான்” என்றேன். “ரெண்டு தடவையும் நான்தான் அழிச்சேன். தெரியாம. என் பேருன்னு நெனச்சு.”

அவளுக்கு அது விளங்கவில்லை. ஆனால் சிறுமி என் கழுத்தில் தொங்கிய கம்பனி அட்டையை வாசித்துக்கொண்டிருந்தாள். எழுத்துக்கூட்டி, சத்தமாக, முழுப்பெயரையும் வாசித்தாள்.

அந்தப் பெண் அட்டையைப் பார்த்தாள். பிறகு என் முகத்தை. பிள்ளையைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

“மூத்த சம்சாரத்துல ஒரு மக இருந்திச்சின்னு அவரு சொன்னாரு” என்றாள். “பதினோரு வயசுல செத்துப்போச்சின்னு சொன்னாரு. தாயும் புள்ளயும் ரெண்டு பேரும் வெள்ளத்துல போயிட்டாங்கன்னு. அந்தப் புள்ள ஞாபகமாத்தான் இவளுக்கு… எங்க வீட்டுல ஒங்க படம் இருக்குங்க. வெளக்கு வைக்கிறோம்.”

நான் இரண்டு கிழமையாக ஓர் ஆவியைத் துரத்திக்கொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் அந்த ஆவி யார் என்று தெரிந்துகொண்டேன்.

அம்மா

ஏன் அப்படிச் சொன்னார் என்று கேட்க ஆள் இல்லை. பல வருடம் கோபப்பட்டேன். இப்போதும் சில நாள் படுகிறேன்.

அந்தச் சனிக்கிழமை ஹுன்னஸ்கிரியவுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா போஞ்சிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நறுக்குவதை நிறுத்தவில்லை.

“எப்ப?” என்றார்.

“தை மாசம்.”

பிறகு கத்தியை வைத்துவிட்டு, ஈரக் கையால் வெறும் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். நான் எழும்பிப் போய்ப் படத்திலிருந்த மாலையில் கை வைத்தேன். கழற்றவா, வேண்டாமா என்று எனக்கே தெரியவில்லை.

“இருக்கட்டும்” என்றார் அம்மா. “இப்பதான சரியா இருக்கு.”

பதினேழாம் இலக்கம்

அந்த வியாழன், மண்டபத்திலிருந்தே சமிந்தவுக்குப் போன் எடுத்தேன். சோதனைப் பதிவில் சொந்தப் பெயர் போட்டது, கட்டத்தை மாற்றிப் பொருத்தியது, ஒரு பிள்ளையை இரண்டு தடவை அழித்தது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். வேலை போனது என்று தெரிந்தே சொன்னேன்.

“அந்தப் புள்ள டொக்டர பாத்தாச்சா?” என்றார்.

“இன்னும் இல்ல ஐயா.”

“அப்ப முதல் அத செய்யுங்க. மத்தது பொறகு.”

மத்தது பிறகு நடந்தது. நிரந்தரமாக்கவில்லை, பயிற்சியை இன்னும் மூன்று மாதம் நீட்டினார்கள். அன்றைக்கு மண்டபத்தில், இயந்திரத்தை விட்டுவிட்டுப் பிள்ளையைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போகிறேன் என்று நர்ஸ் மிஸ் எழும்பினார். “இல்ல மிஸ், நாலு நிமிசம் தாங்க. இவள அவ பேர் சொல்லித்தான் கூப்பிடணும்” என்றேன். ஏன் அவ்வளவு பிடிவாதம் என்று அவருக்குத் தெரியாது.

மேசையில் உட்கார்ந்து இரண்டு கட்டங்களையும் இடம் மாற்றினேன். ஐந்து நிமிடத்தில் செய்த பிழைக்கு நாலு நிமிடத்தில் திருத்தம். சேமிப்பதற்கு முன் விரல் ஒரு கணம் நின்றது. இதை அழுத்தினால் அந்தக் குரல் அப்பாவை இனி ஒருநாளும் கூப்பிடாது. உலகத்தில் வேறு யாரும் அவரைக் கூப்பிடப்போவதில்லை.

அழுத்தினேன். பதினேழாம் இலக்கத்தைத் திரும்பக் கூப்பிடச் சொன்னேன்.

“யோகமலர். அறை இலக்கம் மூன்று.”

மண்டபத்தில் முதல் தடவையாக ஒரு மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. சிறுமி எழும்பினாள். என் கதிரை பின்னால் சரிந்தபோதுதான் நானும் எழும்பி நிற்பது எனக்குத் தெரிந்தது.

அவள் என்னையும் ஸ்பீக்கரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அக்கா, ஒங்களயா கூப்புட்டாங்க?”

“இல்லம்மா” என்றேன். “ஒன்னத்தான். போ.”